வந்தவர் தந்த தண்ணீர்



அண்மையில் திருச்சியில் நாம் கண்ட ஒரு காட்சி நெஞ்சைவிட்டு அகலவில்லை. ஸ்ரீரங்கத்தில் வாடகை வீட்டில் குடியிருந்த வெளியூர்ப் பெரியவர் ஒருவர் வஃபாத்தானார். பல ஆண்டுகள் காவிரிப் பாலத்தைக் கடந்து வந்து ஜும்ஆ தொழுதவர். பள்ளியின் ஹவுளைக் கழுவி நீர் நிரப்புவதைத் தம் வேலையாக எடுத்துக்கொண்டவர். மையித்தை அடக்க இடம் கேட்டபோது, "எந்த ஊர் ஜமாஅத்? சந்தாச் சீட்டு எங்கே?" என்று விசாரணை நடந்தது. அஸருக்கு அடங்க வேண்டிய மையித்து மஃரிபுவரை காத்திருந்தது. அங்கே நின்ற நாமும் உடனே வாய் திறக்கவில்லை. அந்த வெட்கமே இதை எழுதச் செய்கிறது.

வந்தவர் என்று யாரை ஒதுக்குகிறோம்? வரலாற்றைச் சற்றே பாருங்கள்.

ஹபஷா நாட்டில், அதாவது இன்றைய எத்தியோப்பியாவில், 1548-ஆம் ஆண்டளவில் பிறந்தவர் மாலிக் அம்பர். சிறு வயதிலேயே அடிமையாக விற்கப்பட்டு, பல கைகள் மாறித் தக்காணம் வந்து சேர்ந்தார். அஹ்மத் நகர் அமைச்சர் சங்கீஸ் கான் அவரை விலைக்கு வாங்கினார். பின்னாளில் அந்த அரசை நடத்தும் பொறுப்பே அம்பரின் கைக்கு வந்தது. முகலாயப் படைகளை ஆண்டுக்கணக்கில் தடுத்து நின்றார்.

அவருடைய வாளைவிட அவர் தந்த தண்ணீரே நமக்குப் பாடம். 1610-ல் கட்கி என்ற ஊரைத் தலைநகராக்கினார். பின்னர் ஔரங்காபாத் என்று பெயர் பெற்று, 2023 முதல் சத்ரபதி சம்பாஜிநகர் என வழங்கப்படும் ஊர் அதுவே. அறுபது வயதைக் கடந்த அந்த முதியவர், குன்றுப் பக்கத்து ஊற்றுநீரைப் பூமிக்கடியில் கால்வாய் வெட்டி ஊருக்குள் கொண்டுவந்தார். இறைப்பதற்குக் கருவியில்லை, நிலச்சரிவிலேயே நீர் ஓடியது. 'நஹ்ரே அம்பரி' என்பது அதன் பெயர். 1626-ல் அவர் மறைந்தார்; குல்தாபாதில் அடக்கமானார். அவருக்குப் பின்னும் நூற்றாண்டுகளாக அந்த நீர் ஓடியது. குடித்தவர்களை அது ஊர் கேட்கவில்லை.

தம் தாயாருக்காக எந்தத் தருமம் சிறந்தது என ஸஅத் பின் உபாதா (ரலி) வினவியபோது, தண்ணீர் என்றே நபிகள் நாயகம் (ஸல்) அறிவித்தார்கள். அவர் கிணறு தோண்டினார். மக்கா வெற்றியின்போது கஃபாவின் மேலேறி பாங்கு சொன்ன பிலால் (ரலி) அவர்களும் ஹபஷி வழியினரே. இறையச்சம் மிக்கவரே அல்லாஹ்விடம் கண்ணியமானவர் என்பது அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 13-ஆம் வசனம் தரும் தீர்ப்பு.

நம் நகரில் அடங்கியிருக்கும் நத்தர் வலி அவர்களும் தூர தேசத்திலிருந்து வந்தவரே. ஏன், காவிரியும் குடகில் பிறந்து நம்மிடம் வந்ததுதான்!

ஜமாஅத்துக்குச் சட்டமும் கணக்கும் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கப்ருஸ்தானைப் பராமரிக்கச் சந்தா தேவைதான். ஆனால் அந்தப் பெரியவர் உயிரோடிருக்கும்போதே தேடிச் சென்று பெயரெழுதிக்கொள்ள வேண்டியது யார் கடமை? அவர் நிரப்பிய நீரில் ஒளுச் செய்த நாம்தானே!

இந்த வாரமே உங்கள் மஹல்லாவில் குடிவந்திருப்போர் வீட்டுக்கு ஸலாம் கூறிச் செல்லுங்கள். பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். வல்ல ரஹ்மான் அந்தப் பெரியவரின் கப்ரை ஒளிமயமாக்குவானாக! நம் மௌனத்தை மன்னிப்பானாக! ஆமீன்.