சாத்திய கதவு

விடியல் தேவதைக்குக் கிரேக்கர்கள் வைத்த பெயர் ஈயோஸ். டிராய் நகரத்து இளவரசன் தித்தோனஸ் மேல் ஆசைப்பட்டு அவனைத் தூக்கிக்கொண்டு போனாள். இவனுக்குச் சாவே வரக்கூடாது என்று தேவர்களின் தலைவன் ஜீயஸிடம் கேட்டாள், கிடைத்தது. இளமையும் போகக்கூடாது என்று கேட்கத் தோன்றவில்லை.

அசடு என்கிறார்கள். மூப்பே இல்லாதவளுக்கு மூப்பு என்று ஒன்று உண்டு என்பது எப்படி நினைவுக்கு வரும்?

*

காதல் தேவதை அஃப்ரோடைட்டியைப் பாடும் ஹோமரியத் துதியில் இந்தக் கதை வருகிறது. அங்கே கதையைச் சொல்பவள் அஃப்ரோடைட்டியேதான். கேட்பவன் அவளுடைய மனிதக் காதலன் அன்கைசீஸ். உனக்கு இப்படியொரு ஆயுள் வேண்டாம் என்கிறாள்.

முதல் நரை கண்டதும் ஈயோஸ் தித்தோனஸின் படுக்கைக்குப் போவதை நிறுத்துகிறாள். ஆனால் சாப்பாடு போடுகிறாள். அமுதம் தருகிறாள். நல்ல துணி உடுத்தக் கொடுக்கிறாள். கைகால் அசைக்க முடியாமல் ஆனபின் ஓர் அறையில் கிடத்திக் கதவைச் சாத்துகிறாள். உள்ளேயிருந்து குரல் மட்டும் ஓயாமல் வருகிறது.

கொடுமைக்காரி என்று சொல்லிவிட முடியவில்லை. நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள்.

*

பாட்டி படுக்கையில் விழுந்த பிறகு, விருந்தாளி வந்தால் யாராவது எழுந்துபோய் உள்ளறைக் கதவைச் சாத்துவோம். வேளைக்குக் கஞ்சி, துவைத்த புடவை, எதிலும் குறை வைக்கவில்லை. கதவுக்குப் பின்னால் அவள் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டபடி இருப்பாள். டிவி சத்தத்தைக் கூட்டுவோம். அது யார் பெயர் என்று ஒருநாளும் கேட்கவில்லை.

*

பின்னால் வந்தவர்கள் தித்தோனஸைச் சில்வண்டாக்கினார்கள். உடம்பு வற்றிக் கூடாகி, குரல் மிஞ்சிய கதை. சில்வண்டோ வருஷக்கணக்கில் மண்ணுக்குள் கிடந்து, வெளியே வந்து, சில வாரம் கத்திவிட்டுச் செத்துப்போகிற பூச்சி. சாவு மறுக்கப்பட்டவனுக்குச் சாகத் தெரிந்த ஓர் உடம்பைக் கொடுத்தார்கள். இரக்கம் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

*

ஈயோஸ் விட்டதையும் சேர்த்துக் கொடுத்தால்? ஹோமரின் ஒடிசியில் கலிப்ஸோ என்ற தேவதை ஒடிசியஸுக்கு அதைத்தான் கொடுக்க நினைக்கிறாள்: சாவும் இல்லை, மூப்பும் இல்லை, என்னோடு இரு. ஒடிசியஸ் மழுப்பவில்லை. என் மனைவி பெனலோப் அழகில் உனக்கு ஈடில்லை, அவள் சாகப்போகிறவள் என்று ஒப்புக்கொள்கிறான். இருந்தும் வீட்டுக்குப் போகவேண்டும் என்கிறான்.

கூடச் சேர்ந்து நரைக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது போல.

*

இந்தப் பேச்செல்லாம் ஒடிசியின் ஐந்தாம் காண்டத்தில் வருகிறது. அந்தக் காண்டம் ஒரு விடியலோடு தொடங்குகிறது. ஈயோஸ் தித்தோனஸின் பக்கத்திலிருந்து எழுந்து வருகிறாள். அங்கே அறை இல்லை, சாத்திய கதவும் இல்லை.

பக்கத்தில் படுத்திருந்தவன் இளைஞனா கிழவனா என்று ஹோமர் சொல்லவில்லை. கிழவன் என்றே வைத்துக்கொள்கிறேன்.