இதம் என்பது யாருடைய அளவு?

மலைப்பொழிவிலுள்ள பொன்விதியை அறியாதார் நம்மிடையே இலர். கன்பூசியஸ் முதலான பிற மரபினரும் ஏறத்தாழ அதே விதியை உரைத்துள்ளனர். என் விருப்பத்தை அளவுகோலாகக் கொண்டு, பிறருக்கு நான் செய்யவேண்டியதை அறிந்துகொள்ளலாம் என்பது அதன் சாரம். ஆனால் அறவியல் பயில்வோர் இதனிடம் நெடுங்காலமாகவே ஒரு தடையை எழுப்பி வருகின்றனர். என் சுவையும் அவர் சுவையும் ஒன்றாக இல்லாவிடில் என் செய்வது? பெர்னார்ட் ஷா 1903-இல் இத்தடையைக் கிண்டலாகவே எழுதிவைத்தார். கிண்டல் என்று தள்ளிவிடக்கூடிய தடையன்று அது.

ஏட்டில் படித்தால் விளங்காத இச்சிக்கல், இன்று பல வீடுகளின் சன்னலோரத்தில் அமர்ந்திருக்கும் ஒரு சிறு செடியைக் கவனித்தால் விளங்கும். நர்சரிகளில் ‘சக்குலன்ட்’ என்று சொல்லி விற்கும் சதைப்பற்றுள்ள செடிகளையே குறிப்பிடுகிறேன். ரோசா மலர்போல் இலையடுக்கிய எக்கவேரியா மெக்சிகோ நாட்டு மேட்டுநிலங்களிலிருந்து வந்தது. தடித்த இலைகளையுடைய ஜேட் செடி தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்தது. தண்ணீர் அதிகம் வேண்டாம், பராமரிப்பு வேண்டாம் என்று சொல்லித் தருவார்கள். வாங்கியவர் மகிழ்ச்சியோடு கொண்டுவந்து வைக்கிறார். மே மாதம் வருகிறது. நமக்கு நாவறள்கிறது, செடிக்கும் வறளும் என்று இரக்கப்பட்டு நாள்தோறும் ஊற்றுகிறோம். ஒரு வாரத்தில் அடியிலைகள் கண்ணாடிபோல் நிறம் மாறிக் கொழகொழத்து உதிர்கின்றன. பொன்விதியை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்ததன் விளைவு இது!

நடந்தது என்னவெனில், நாம் தாகத்தோடு இருந்த வேளையில் அது ஒடுங்கி ஓய்ந்திருந்தது. ஒடுங்கிய வேர் நீரை உறிஞ்சாது. சூடேறிய மண்ணில் தேங்கும் நீர் வேரை அழுகச் செய்கிறது.

இச்செடிகளுக்கு ஏற்ற வெப்பம் என்ன என்று கேட்டால், வீட்டில் வளர்ப்பவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு ஏறத்தாழ 10 முதல் 27 பாகை செல்சியஸ் வரை என்று விடை கூறுவர். விடை தவறன்று, ஆயினும் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டால் செடியின் வாழ்வில் பாதியை நாம் காணாமற் போவோம். பிற செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உட்கொள்கின்றன. வறண்ட நிலத்தில் பிறந்த இவையோ பகலில் துளைகளை அடைத்துக்கொண்டு ஈரத்தைக் காக்கின்றன. இரவின் குளிர்ச்சியில் திறந்து, உட்கொண்ட வாயுவை அமிலமாக மாற்றிச் சேமிக்கின்றன. விடிந்தபின் கதவடைத்துக்கொண்டு, அச்சேமிப்பிலிருந்தே உணவு சமைக்கின்றன. இந்த உண்மைக்கு அடிகோலியவர்களுள் ஒருவர் நம் மண்ணோடு தொடர்புடையவர் என்பது பலருக்குத் தெரியாது. மொராவிய சபையினரோடு தரங்கம்பாடிக்கு வந்து, பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியில் தாவரவியலாளராகப் பணியாற்றிய பெஞ்சமின் ஹைனே, ரணகள்ளியின் இலை காலையில் புளிப்பாகவும், நண்பகலில் சுவையற்றும், மாலையில் சற்றுக் கசப்பாகவும் இருப்பதைக் கண்டு ஒரு மடலில் எழுதினார். அம்மடல் 1815-இல் லின்னேயக் கழகத்தின் ஏட்டில் அச்சாயிற்று. ஓர் இலையை மூன்று வேளையும் சுவைத்துப் பார்க்கும் பொறுமை எத்தனை பேருக்கு வரும்!

ஆகவே செடி கேட்பது வெறும் இளஞ்சூட்டை அன்று; பகலை அடுத்து வரும் ஒரு குளிர்ந்த இரவையும் அது கேட்கிறது. சென்னையின் மே மாத இரவுகளோ 27, 28 பாகையிலேயே நின்றுவிடுகின்றன. அலுவலக மேசை இன்னும் விந்தையானது. அங்கே பகலெல்லாம் ஏ.சி. ஓடுகிறது, செடி கதவடைத்திருக்கும் நேரம் அது. மாலை ஆறு மணிக்கு ஏ.சி.யையும் விளக்கையும் அணைத்து, சன்னல்களைச் சாத்திவிட்டுச் செல்கிறார்கள்; செடி மூச்சுவிட எழும் வேளையில் அறை புழுங்குகிறது. ‘குளுகுளு அறையில் வைத்தும் வாடிவிட்டதே’ என்று வியக்கிறோம். யாருக்குக் குளுகுளு அறை?

நடுநிலை என்பது பொருளின் நடுவன்று, பெறுபவரை நோக்கிய நடு என்று அரிஸ்டாட்டில் வகுத்தார். மல்லன் மைலோவுக்குப் போதாத உணவு, பயிற்சியைத் தொடங்கும் இளைஞனுக்கு மிகை என்பது அவர் காட்டும் சான்று. புனித பெரிய கிரகோரியார் மேய்ப்புப்பணி பற்றிய தம் நூலில், ஒரு விலங்கை வாழ்விக்கும் பூண்டு மற்றொன்றைக் கொல்லும் என நினைவூட்டி, ஏழைக்கும் செல்வர்க்கும், துணிந்தவர்க்கும் அஞ்சுபவர்க்கும் வெவ்வேறு விதமாக அறிவுரை கூறவேண்டும் என்று நீண்ட பட்டியலே தருகிறார். குருமடத்தில் அப்பட்டியல் சலிப்பூட்டியது. பங்குகளில் பணியாற்றத் தொடங்கியபின் அவ்வாறு தோன்றவில்லை.

வீடுகளைச் சந்திக்கச் செல்லும்போது நான் அடிக்கடி காணும் காட்சி ஒன்றுண்டு. ஊரில் தனித்திருந்த தாயை மகன் நகரத்து அடுக்ககத்துக்கு அழைத்து வந்திருக்கிறான். அன்பில் குறைவே இல்லை. தனி அறை, நல்ல மெத்தை, இரவும் பகலும் ஏ.சி. அம்மா போர்வைக்குள் சுருண்டிருக்கிறார். எழுந்தால், ‘எங்கம்மா போறீங்க? உட்காருங்க’ என்று நான்கு குரல்கள். விடியுமுன் எழுந்து வாசல் பெருக்கி, திண்ணையில் அமர்ந்து செபமாலை சொல்லி, போகிறவர் வருகிறவரை நலம் விசாரித்து வாழ்ந்தவர் அவர். ஆறு மாதத்தில் அவருடைய பேச்சு ஒடுங்கிவிடுகிறது. மருத்துவர் நோயொன்றும் இல்லை என்கிறார். மகன் என்னிடம், ‘சாமி, எனக்கு வயதானால் எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நினைப்பேனோ அப்படித்தான் பார்த்துக்கொள்கிறேன்’ என்கிறான். உண்மைதான். சிக்கலும் அங்கேதான் இருக்கிறது.

அப்படியானால் பொன்விதி பொய்த்துவிட்டதா? இல்லை என்றே நான் கருதுகிறேன். என் விருப்பங்களின் பட்டியலைப் பிறர்மீது ஏற்றுமாறு அது சொல்லவில்லை. நான் ஆழமாக விரும்புவது எது? குளிர்நீரோ மெத்தையோ அன்று; என்னைக் கவனித்துவரும் ஒருவர், நான் யார் என்று அறிந்து கவனிக்கவேண்டும் என்பதே. அதைப் பிறருக்குச் செய்வதே விதி. அவ்வாறு கொண்டால் ஷாவின் தடை கரைகிறது. ஆனால் நம் பணி கடினமாகிறது. கொடுப்பது எளிது; காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் ஹைனேயைப்போல் சுவைத்துப் பார்த்துக் கற்பது எளிதன்று.

செடிக்குச் செய்யவேண்டியவை சிலவே. காலை வெயில் விழும் கிழக்குச் சன்னல் நல்லது. இரவில் அதைத் திறந்து வைக்கலாம். பகலெல்லாம் சூடேறி நள்ளிரவுவரை வெப்பத்தை உமிழும் மொட்டைமாடித் தளத்தில் வைக்கலாகாது. கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி வேரைச் சுடும். மண்தொட்டியோ தண்ணீர்ப்பானையைப்போல் ஈரம் கசிந்து குளிரும். மண் முற்றிலும் உலர்ந்தபின், மாலையில் நீர் விட்டால் போதும். மலைநாட்டில் இருப்போர் கவலைப்படவேண்டியது எதிர்த்திசையில்: உறைபனி இலையிலுள்ள நீரைப் பனிக்கட்டியாக்கிக் கண்ணறைகளைக் கிழித்துவிடும் என்பதால், அந்நாட்களில் தொட்டிகளை உள்ளே எடுத்து வைக்கவேண்டும்.

இத்தனைக்குப் பின்னும் சமவெளியின் கோடை சில இனங்களுக்கு ஒத்துக்கொள்வதில்லை. அவற்றை வாங்காமலிருப்பதும் அன்பின் ஒரு வகையே என்பேன். கற்றாழையும் பிரண்டையும் சதுரக்கள்ளியும் சதைப்பற்றுள்ளவைதாம்; நம் வெயிலை அவை அஞ்சுவதில்லை. ஆனால் அழகில்லை என்று கடையில் யாரும் கேட்பதில்லை.

செடியை வாங்காமல் விட்டுவிடலாம். தாயை அவ்வாறு விட்டுவிட முடியாதே என்று நீங்கள் கேட்பது நியாயமே. அங்கே வீடுதான் மாறவேண்டும். அந்த மகனிடம் நான் சொன்னவை மிகச் சிறியவை: இரவில் ஏ.சி.யை அணைத்துச் சன்னலைத் திற. விடியற்காலை ஐந்து மணிக்குக் கதவின் தாழ்ப்பாளை அவரே நீக்கட்டும். கீழே காவலாளியின் அறையருகில் ஒரு நாற்காலி போடு. அங்கு அவர் யாரோடு, எவ்வளவு நேரம் பேசினார் என்று கேட்காதே. நாற்காலியை மட்டும் அவன் உடனே போட்டுவிட்டான்.