மெழுகு

நண்பர் தம் பாட்டியின் வீணையை விற்க வேண்டும் என்றார். வங்கியில் நகைகளை உரைகல்லில் உரைப்பதைத் தினமும் பார்க்கிறவன் என்பதால் என்னிடம் விலை கேட்டார். ஒரே பலாமரத்தில் குடைந்த தஞ்சாவூர் ஏகாண்ட வீணை. 24 மெட்டுகளைத் தாங்கும் மெழுகு ஆதியில் வைத்ததே என்பதற்காகச் சேகரிப்பாளர் ஒருவர் கூடுதல் விலை தர முன்வந்திருந்தார். ஆனால் வாசிக்கிற வீணையில் மெட்டு தேயும், மெழுகு நெகிழும். அவ்வப்போது மேளம் புதிதாக வைத்தே ஆகவேண்டும். ஆக, அவர் விலை கொடுப்பது அதன் மௌனத்துக்கு. பொன் பெட்டிக்குள்ளும் பொன்தான். வீணை வாசிக்கும்போது மட்டுமே வீணை. தீண்டாததே அசல் என்பது மரபு பற்றியும் நம்மிடையே உள்ள அபிப்பிராயம். அதை மறுத்தே எழுதி வந்திருக்கிறேன். நண்பருக்கோ மகளின் கல்லூரிக் கட்டணம். அந்த விலைக்கே கொடுத்துவிடச் சொன்னேன்.