பந்தைத் தொட்டது யார்?

சேர்வராயன் மலையில் பந்தாடுகிறவர்களுக்குச் சமவெளியில் ஆடுகிறவர்கள் அறியாத எதிரி ஒன்று உண்டு. மூடுபனிதான் அது. கார்த்திகை, மார்கழி மாதங்களில் பிற்பகல் வெயில் தாழ்ந்ததும், ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களின் சில்வர் ஓக் மரங்களுக்கிடையே புகைபோல் எழுந்து, எவரும் அழைக்காமலே ஆடுகளத்துக்குள் நுழைந்துவிடும். மலைச்சரிவைச் சமன்செய்து அமைத்த களத்தில் சுண்ணாம்புக் கோடு முந்தின நாள் மழையில் பாதி கரைந்திருக்கும். நடுவில் நிற்பவருக்குக் கோல் கம்பம் தெரியாது. அந்த வேளையில் வலைக்குள்ளிருந்து பந்து எடுக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அடித்தவர் ஆஃப்சைடில் நின்றாரா, பந்து கடைசியாக யார் காலில் பட்டது என்று சுற்றி நிற்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். நாகலூர்க்காரர் பத்துப் பேர் ஒன்றைக் கண்டிருப்பார்கள். மஞ்சக்குட்டைக்காரர் பத்துப் பேர் அதற்கு நேர்மாறானதைக் கண்டிருப்பார்கள். பனியில் ஒன்றும் தெரியவில்லை என்று சொல்பவர் ஒருவரும் இரார்.

சிரித்துவிட்டுக் கடந்துவிடலாம். ஆனால் வழக்குமன்றத்திலும், சொத்துப் பிரிவினையிலும், ஊர்த் திருவிழாக் கணக்கிலும் தலைதூக்கும் வினாவே இங்கும் இருக்கிறது. ‘என் கண்ணால் கண்டேன்’ என்று ஒருவர் சொல்லும்போது, அவர் சொல்வது கண்டதையா, காண விரும்பியதையா?

ஆஃப்சைடு விதியை அறியாத வாசகர்களுக்கு ஒரு சொல். எதிரணியின் பாதியில் இருக்கும் ஆட்டக்காரர், தம் அணியினர் பந்தை உதைக்கும் கணத்தில், பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளையும் தாண்டி, கோல் கோட்டுக்கு அருகில் நின்று ஆட்டத்தில் பங்கு கொள்ளக் கூடாது. 1863இல் இலண்டனில் எழுதப்பட்ட முதல் விதிகளின்படி, பந்துக்கு முன்னால் நின்ற எவரும் ஆட்டத்துக்கு வெளியேதான். 1866இல் அது தளர்ந்தது. முன்னால் எதிரணியினர் மூவர் இருந்தால் போதும் என்றாயிற்று. 1925இல் மூவர் இருவராயினர். சமமாக நின்றால் குற்றமில்லை என்பது 1990இல் வந்த சலுகை. கோல் வாயிலில் பதுங்கியிருந்து, பிறர் உழைப்பில் வந்த பந்தைத் தட்டிவிட்டுப் பெயர் வாங்குகிறவனைத் தடுப்பதே இவ்விதியின் நோக்கம். நல்ல நோக்கந்தான். ஆனால் அதைக் காப்பதற்கு வேண்டிய கண்கள் மனிதனுக்கு வாய்க்கவில்லை.

கோட்டோரம் கொடியேந்தி ஓடும் துணை நடுவரை எண்ணிப் பாருங்கள். பந்தை உதைக்கும் கால் ஓரிடத்தில். ஓடத் தொடங்கும் ஆட்டக்காரர் முப்பது மீட்டர் தள்ளி வேறோரிடத்தில். இரண்டையும் ஒரே கணத்தில் பார்த்தாக வேண்டும். அவர் சற்று முன்னோ பின்னோ நின்றுவிட்டால், பார்வைக் கோணம் மாறி, சமமாக நிற்பவர் முந்தி நிற்பவராகத் தோன்றக்கூடும். 2000ஆம் ஆண்டில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் ‘நேச்சர்’ இதழில் இதை விளக்கி எழுதினார்கள். ஆகவே கொடி தவறாக உயர்வதற்குக் கையூட்டோ வஞ்சகமோ தேவையில்லை. இதை எந்த ரசிகரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை என்பது வேறு.

அப்படியானால் ரசிகருடைய கண்? அதைப் பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. 1951 நவம்பரில் அமெரிக்காவின் டார்ட்மத், பிரின்ஸ்டன் கல்லூரிகள் தங்கள் நாட்டு முறைக் கால்பந்தில் மோதின. ஆட்டம் முரட்டுத்தனமாக முடிந்தது. ஹாஸ்டார்ஃப், கேன்ட்ரில் என்னும் உளவியலறிஞர் இருவர் அந்த ஆட்டத்தின் படச்சுருளை இரு கல்லூரி மாணவர்களுக்கும் காட்டி, விதிமீறல்களைக் குறிக்கச் சொன்னார்கள். ஒரே படம், ஒரே ஓட்டம். டார்ட்மத் அணியினர் செய்ததாக டார்ட்மத் மாணவர்கள் எண்ணிய குற்றங்களைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலாகப் பிரின்ஸ்டன் மாணவர்கள் எண்ணினார்கள். 1954இல் இம்முடிவு வெளியாயிற்று. அந்த மாணவர்கள் பொய்யர்களா? அப்படிச் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. தாங்கள் கண்டதைத்தான் குறித்தார்கள். அன்பு கண்ணுக்கு முன்னால் ஓடிப்போய், காட்சியை ஒழுங்கு செய்து வைத்துவிட்டது.

புனித அகுஸ்தினார் பொய்யைப் பற்றித் தனியே இரண்டு நூல்கள் எழுதியவர். உள்ளத்தில் ஒன்றை வைத்துக்கொண்டு நாவால் வேறொன்றைச் சொல்பவனே பொய்யன் என்கிறார் அவர். தவறானதை உண்மை என்று நம்பிச் சொல்பவன் பொய்யனல்லன். ஆனால் அவனிடமும் ஒரு குறை இருக்கலாம், அறியாததை அறிந்ததாக எண்ணிக்கொள்ளும் அவசரம் என்கிறார். பனிக்குள் ஆஃப்சைடு கண்ட நம் மலைவாசிகள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையினர். தேநீர்க் கடை வாதங்களில், “அண்ணே, நீங்க பாத்தது காலை, நான் பாத்தது பந்தை” என்று ஒரு தம்பி சொல்லக் கேட்பதுண்டு. ஒவ்வொருவரும் ஒரு துண்டைத்தான் பார்த்தோம் என்று ஒத்துக்கொள்கிற பேச்சு அது. அதற்குமேல் சண்டை வளராது.

பொய்யும் பிழையும் பிரியும் இடம் வேறு. அதைக் காண நாம் கத்தார் நாட்டுத் தலைநகரான தோகாவை அடுத்த அல் ரய்யானுக்குப் போக வேண்டும்.

2024 ஜூன் 11. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் இந்தியா கத்தாரை எதிர்த்து ஆடிய இரவு. சுனில் சேத்ரி ஐந்து நாள்களுக்கு முன்புதான் கொல்கத்தாவில் விடைபெற்றிருந்தார். அவரில்லாத அணி, 37ஆம் நிமிடத்தில் லாலியன்சுவாலா சாங்தே அடித்த கோலால் முந்தியிருந்தது. வென்றால் இந்தியா முதன்முறையாகத் தகுதிப் போட்டிகளின் மூன்றாம் சுற்றில் கால்வைக்கும். 73ஆம் நிமிடத்தில் யூசுஃப் அய்மன் தலையால் முட்டிய பந்தைக் கோல் காப்பாளர் குர்பிரீத் சிங் சந்து தடுத்தார். பந்து நழுவிக் கோல் கோட்டைக் கடந்து களத்துக்கு வெளியே உருண்டது. அதை அல் ஹஷ்மி அல் உசேன் காலால் உள்ளே இழுத்துவிட, அய்மன் வலைக்குள் தள்ளினார். நம்மவர்கள் நடுவரைச் சூழ்ந்து முறையிட்டனர். தென்கொரிய நடுவர் கோல் என்றார். அந்தச் சுற்றில் காணொளி நடுவர் முறை இல்லை. 85ஆம் நிமிடத்தில் கத்தார் இன்னொன்று அடித்து 2–1 என்று வென்றது. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு முறையிட்டது. முடிவு மாறவில்லை.

நம் சினம் நியாயமானது. அதை மறுப்பதற்காக இதை எழுதவில்லை. ஆனால் காட்சியைச் சற்றே திருப்பி வைத்துப் பார்ப்போம். பந்தை வெளியிலிருந்து இழுத்தது நம் அணியின் கால். கோல் அடித்தவர் நம்மவர். ஏமாந்து நின்றது கத்தார். மறுநாள் காலை ஏற்காட்டு ஒண்டிக்கடையிலும், சேலம் பேருந்து நிலையத்திலும் என்ன பேசியிருப்போம்? ‘நடுவர் சொன்னால் சொன்னதுதான்’ என்றல்லவா பேசியிருப்போம்? ‘சமயோசிதம்’ என்ற சொல்லையும் எவராவது கண்டுபிடித்திருப்பார்.

‘நடுவர் சொன்னால் சொன்னதுதான்’ என்பதில் பாதி உண்மை இருக்கிறது. விதி நூலின் ஐந்தாம் விதி அதைத்தான் கூறுகிறது: கோல் ஆயிற்றா இல்லையா என்பது உட்பட, ஆட்டம் சார்ந்த நிகழ்வுகளில் நடுவர் முடிவே இறுதியானது. அது இல்லாவிட்டால் எந்த ஆட்டமும் முடியாது. 2023 மார்ச் 3 அன்று பெங்களூரு கண்டீரவா அரங்கில், சேத்ரி விரைந்து அடித்த தனியுதையைக் கோலாக ஏற்ற நடுவரை எதிர்த்துக் கேரளா பிளாஸ்டர்ஸ் அணி களத்தைவிட்டே வெளியேறியது. நான்கு கோடி ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. தொகையைப் பற்றி இரு கருத்து இருக்கலாம். தீர்ப்பு பிடிக்காதபோது வெளியேறுவது வழக்கமாகிவிட்டால் விளையாட்டே இராது என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை.

ஆயினும் நடுவர் படைப்பது கோல் ஒன்றைத்தான். பந்து கோட்டைக் கடந்ததை அவர் படைக்கவில்லை. அழிக்கவும் அவரால் ஆகாது. கோல் என்பது ஏட்டில் ஏறும் முடிவு. பந்து எங்கே இருந்தது என்பது எவர் சொல்லுக்கும் காத்திராத நிகழ்வு. சாக்ரடீஸ் ஏதென்சின் தீர்ப்புக்கு அடங்கி நஞ்சருந்தினார். அத்தீர்ப்பு சரியானது என்று மட்டும் அவர் சொல்லவில்லை. பந்தாட்டத்துக்கு அவரை இழுப்பது சற்று மிகைதான், பொறுத்தருள்க. அடங்குவதும் ஆமோதிப்பதும் வெவ்வேறு என்பதைக் காட்ட அவரைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

இயந்திரம் வந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று பலர் நம்பினார்கள். 2024 ஜூன் 29 அன்று டோர்ட்மண்டில், ஜெர்மனிக்கு எதிராக டென்மார்க்கின் யோவாக்கிம் ஆண்டர்சன் கோல் அடித்தார். தாமஸ் டெலேனியின் கால் நுனி கோட்டைத் தாண்டியிருந்ததாகக் கருவி காட்ட, கோல் நீக்கப்பட்டது. அடுத்த சில நிமிடங்களில் அதே ஆண்டர்சனின் கையில் பந்து உரசியதைப் பந்துக்குள் இருந்த உணர்கருவி காட்டிக்கொடுக்க, ஜெர்மனிக்குப் பெனால்டி கிடைத்தது. அளவை சரி. ஆனால் பதுங்குகிறவனுக்காக எழுதிய சட்டம், ஒரு கால் விரலைப் பிடித்துக் கொண்டு நிற்கிறதே என்று கேட்டார்கள். கேள்வி நெஞ்சைத் தொடுகிறது. இருந்தும் எனக்கு அதில் உடன்பாடில்லை. கோட்டை எங்கே நகர்த்தி வைத்தாலும் அதற்கு அப்பால் ஒரு விரல் நீண்டிருக்கத்தான் செய்யும்.

இயந்திரத்தால் தீராத வாதமும் இருக்கிறது. 2022 நவம்பர் 28 அன்று உலகக் கோப்பையில் உருகுவேக்கு எதிராகப் போர்த்துகல் அடித்த முதல் கோல் யாருடையது? புரூனோ பெர்னாண்டஸ் அனுப்பிய பந்துக்கு ரொனால்டோ தலையை நீட்டினார். பந்து வலைக்குள் போயிற்று. தம் கோல் என்று கொண்டாடினார். நொடிக்கு ஐந்நூறு முறை துடிக்கும் உணர்கருவி அந்தப் பந்துக்குள் இருந்தது. அவர் தலை படவே இல்லை என்றது அது. கோல் பெர்னாண்டஸ் பெயரில் எழுதப்பட்டது. ரொனால்டோ பொய் சொன்னார் என்று நான் எழுத மாட்டேன். முடியைத் தொட்டதாக அவர் உண்மையாகவே உணர்ந்திருக்கக் கூடும். ஆனால் அவருடைய ரசிகர்கள் அக்கருவியை இன்றும் ஏற்கவில்லை. கணக்கு அவர்கள் கேட்டதன்று. தங்கள் தலைவனின் சொல் நிற்க வேண்டும் என்பதே அவர்கள் கேட்டது.

அல் ரய்யானில் கருவியும் இல்லை, நடுவரும் காணவில்லை. பந்து வெளியே போனதை மிக அருகில் நின்று பார்த்தவர்கள் ஆட்டக்காரர்கள்தாம். பொய்ச்சான்று கூறாதே என்னும் எட்டாம் கட்டளை மௌனத்தையும் தொடுமா? எவரும் கேட்காதபோது வாய்திறக்காதிருப்பது பொய்யாகாது என்று வாதிடலாம். அந்த இளைஞர்களின் உள்ளத்தில் என்ன இருந்தது என்று தீர்ப்பிட நமக்கு உரிமையும் இல்லை. ஆனால் உண்மையை அறிந்த ஒரே ஒருவர் தாம் என்று ஆகிவிடும்போது, பேசாதிருப்பதன் எடை மாறிவிடுகிறது.

2012 செப்டம்பர் 26 அன்று நேப்பிள்ஸ் நகரில், லாசியோ அணியின் மிரோஸ்லாவ் குளோசே அடித்த பந்து அவர் கையில் பட்டு வலைக்குள் சென்றது. நடுவர் கோல் என்றார். குளோசே தாமே நடுவரிடம், கையில் பட்டது என்று கூறினார். கோல் நீக்கப்பட்டது. நாப்பொலி 3–0 என்று வென்றது. இதைச் சொன்னால் நம் இளைஞர்கள் உடனே ஒரு மறுப்பைச் சொல்வார்கள்: அது ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களில் நடந்தது, 73ஆம் நிமிடத்தில், நாட்டுக்காக ஆடும்போது அவர் சொல்லியிருப்பாரா? நல்ல மறுப்பு. விலை குறைவாக இருக்கும்போது உண்மை பேசியவரைக் காட்டி, விலை ஏறிய இடத்தில் நின்றவரைக் குறை கூறுவது நேர்மையாகாது.

ஆனால் அதே ஐந்தாம் விதியில் இன்னொரு வரியும் இருக்கிறது. ஆட்டம் மீண்டும் தொடங்காதவரை, தம் முடிவு தவறு என்று தெரிந்தால் நடுவர் அதை மாற்றிக்கொள்ளலாம். அன்றிரவு கோலுக்கும், பந்து நடுவட்டத்தில் வைக்கப்பட்டதற்கும் இடையே அந்த வாய்ப்புத் திறந்தே இருந்தது. இந்திய வீரர்கள் நடுவரைச் சுற்றி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு பந்து நடுவட்டத்துக்குப் போயிற்று, ஊதல் ஒலித்தது, யாரோ ஒருவர் பந்தை உதைத்தார்.