பேர் பதிந்தவர்களும் பதியாதவர்களும்

2025 செப்டம்பர் கடைசியில் காஜாங் பெட்ரோல் நிலையங்களில் ஒரு புதுப் பழக்கம் வந்தது. முதலில் மைகார்டைச் செருக வேண்டும். இயந்திரம் நம்மை யாரென்று சரிபார்த்த பிறகு ரோன்95 லிட்டர் 1 ரிங்கிட் 99 சென். தொடங்கியபோது மாதத்துக்கு 300 லிட்டர் வரை. பூடி95 என்று பெயர். வரிசையில் நின்றவர்களின் கவலையெல்லாம் ஒன்றுதான். கார்டு பழசாகிவிட்டது, சிப் வேலை செய்யுமா? யார், எங்கே, எத்தனை மணிக்கு, எத்தனை லிட்டர் என்ற கணக்கு எங்கே போய்ச் சேருகிறது என்று யாரும் கேட்டதாக என் காதில் விழவில்லை. கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்பதும் தெரியும்.

"நம்மகிட்ட மறைக்க என்ன தம்பி இருக்கு?"

இந்த வாக்கியத்தோடு எனக்கு நெடுநாள் வழக்கு உண்டு. உள்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் கணினிப் பொறியியல் படித்தேன். இப்போது தரவுத்தளங்களைப் பராமரிக்கும் வேலை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே புரிந்துபோகும் விஷயம் ஒன்றுண்டு. பயனர்களுக்கு ஆயிரம் பூட்டு, உள்ளே இருப்பவனுக்கு ஒரு சாவி. அந்தச் சாவியை வைத்து எந்த வாடிக்கையாளரின் விவரத்தையும் என்னால் திறக்க முடியும். திறந்தால் ஒரு பதிவேட்டில் ஒரு வரி ஏறும். அந்த வரியை யாராவது படிக்கிறார்களா என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் படிப்பதில்லை. ஏதாவது வெடித்த பிறகுதான் படிப்பார்கள்.

அதனால் 2023இல் தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கையில் மைசெஜாத்ரா பற்றி வந்த பகுதியைப் படித்தபோது எனக்கு அதிர்ச்சி குறைவாகவும் அயர்ச்சி கூடுதலாகவும் இருந்தது. ஒரு 'சூப்பர் அட்மின்' கணக்கின் வழியாக 30 இலட்சம் தடுப்பூசி பெற்றவர்களின் விவரங்கள் பதிவிறக்கப்பட்டிருந்தன. பெருந்தொற்றுக் காலத்தில் நாசிக் கண்டார் கடையில் நுழையக்கூட அந்தச் செயலியைக் காட்ட வேண்டியிருந்ததே, நினைவிருக்கிறதா? வேண்டாம் என்று சொல்ல வழி இருந்ததா? செயலியை உருவாக்கியது தனியார் நிறுவனம். அது யாருடைய சொத்து என்ற சண்டை 2022இல் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு வரை போனது. தரவு அரசாங்கத்துடையதுதான் என்று அமைச்சர் உறுதி கூறினார். அரசாங்கம் எங்கே முடிகிறது, கம்பெனி எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் இப்போதும் கோடு போட்டுக் காட்ட என்னால் முடியாது.

தத்துவவாதி ஆனெட் பெயர் 1986இல் எழுதிய ஒரு கட்டுரையில் நம்புவதையும் சார்ந்திருப்பதையும் பிரித்துக் காட்டினார். எம்ஆர்டி நேரத்துக்கு வரும் என்று சார்ந்திருக்கிறேன். வராவிட்டால் எரிச்சல் வரும், அவ்வளவுதான். நண்பனை நம்புகிறேன். அவன் கைவிட்டால் அது துரோகம். இந்த இரண்டையும் நாம் வசதியாகக் குழப்பிக்கொள்கிறோம். 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற பொத்தானை அமுக்குவது நம்பிக்கை இல்லை, சார்பு. வேறு வழியில்லாதவனின் சார்பு. ஒரு கோடிப் பேர் பதிந்தார்கள் என்ற எண்ணிக்கையைக் காட்டி, மக்கள் நம்புகிறார்கள் என்று அமைச்சர் சொன்னாலும் சரி, முதலீட்டாளர் கூட்டத்தில் ஒரு தலைமை நிர்வாகி சொன்னாலும் சரி, ஆறு ஓடுவதால் மழை பிடித்திருக்கிறது என்று சொல்வது போலத்தான்.

2025 ஜூனில் இன்னொரு செய்தி வந்தது. அந்த ஆண்டு ஜனவரி முதல் மார்ச் வரையிலான கைப்பேசிப் பதிவுகளைத் தரும்படி எம்சிஎம்சி, அதாவது மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம், தொலைத்தொடர்பு நிறுவனங்களைக் கேட்டிருந்தது. சுற்றுலாவுக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்கும் புள்ளிவிவரம் எடுக்கத்தான், பெயர்கள் நீக்கப்பட்டிருக்கும், தனி ஆளை அடையாளம் காண முடியாது என்று ஆணையம் விளக்கியது. நோக்கம் அதுவாகவே இருக்கட்டும். நான் சந்தேகப்படுவது நோக்கத்தை அல்ல, கடைசி வாக்கியத்தை. 2013இல் 15 இலட்சம் பேரின் கைப்பேசி நகர்வுகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. இடமும் நேரமும் சேர்ந்த நான்கே நான்கு புள்ளிகள் போதும், 95 விழுக்காட்டினரைக் கூட்டத்திலிருந்து தனியாகப் பிரித்துவிடலாம் என்பது முடிவு. என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் காஜாங்கில் ஒரு தாமான், காலையில் ஸ்டேடியம் காஜாங் நிலையம், பகலில் பாசார் செனி அருகே ஒரு கட்டடம், வெள்ளி மாலை பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. இந்த நான்கும் சேர்ந்த ஆள் இந்த நாட்டில் எத்தனை பேர் இருப்பார்? பெயரை நீக்கிவிட்டோம் என்பது, முகத்தை மட்டும் மறைத்துவிட்டு நடையை விட்டுவைப்பது. ஊரில் நடையை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள்.

சட்டம் காப்பாற்றாதா? 2010இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 2013 நவம்பரில் அமலுக்கு வந்தது. அதன் 3வது பிரிவே சொல்லிவிடுகிறது, மத்திய அரசுக்கும் மாநில அரசுகளுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது. 2024இல் திருத்தினார்கள், தண்டத்தை ஏற்றினார்கள், தரவு கசிந்தால் தெரிவிக்க வேண்டும் என்றார்கள். 3வது பிரிவு அப்படியே உட்கார்ந்திருக்கிறது. 2025 ஏப்ரலில் தரவுப் பகிர்வுச் சட்டமும் அமலுக்கு வந்துவிட்டதால் மத்திய இலாகாக்கள் தங்களுக்குள் தரவைப் பகிர்ந்துகொள்ளவும் முறையான வழி இருக்கிறது. தனியார் ஒழுங்காக இருந்துவிட்டார்களா என்றால் அதுவும் இல்லை. 2017இல் வெளியே வந்த கசிவில் 4 கோடியே 62 இலட்சம் கைப்பேசி எண்கள் இருந்தன. அப்போது நாட்டின் மக்கள்தொகையே 3 கோடியே 20 இலட்சம்தான். என் எண், அம்மாவின் எண், சித்தப்பா எப்போதோ வாங்கித் தொலைத்த எண் எல்லாமே அதில் இருந்திருக்கும்.

திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. ஒருவனைச் சோதித்துப் பார்த்துத்தான் நம்ப வேண்டும் என்பார் வள்ளுவர். ஆனால் சோதிப்பவன் அரசன், சோதிக்கப்படுபவன் அவனுக்கு வேலை செய்பவன். ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னொரு ஒற்றனை வைத்துச் சரிபார்க்கச் சொல்வதும் அரசனிடம்தான். அரசனைக் குடிமக்கள் எப்படிச் சோதிப்பது என்பதற்குத் தனி அதிகாரம் இல்லை. காலம் அப்படி. நமக்கு அந்தச் சாக்கு இல்லை.

மறைக்க ஒன்றுமில்லை என்பவர்களிடம் நான் வழக்கமாகச் சொல்வது 1983. கொழும்பில் ஜூலைக் கலவரத்தின்போது கும்பல்கள் கையில் வாக்காளர் பட்டியலோடு வந்தன. எந்த வீடு தமிழ் வீடு என்பதை அதைப் பார்த்தே கண்டுபிடித்தார்கள். வாக்காளர் பட்டியலை விட அப்பாவியான ஓர் ஆவணம் உண்டா? தன் பெயரையும் முகவரியையும் எழுதிக்கொடுத்த அந்தத் தமிழர்களுக்கு மறைக்க என்ன இருந்தது? ஒன்றுமே இல்லை. தகவல் தருகிறபோது அதற்கு ஒரு முகம், பயன்படுத்தப்படுகிறபோது வேறொரு முகம். நடுவில் மாறுவது நாம் இல்லை, பட்டியலை வைத்திருக்கும் கை. இன்றைய அமைச்சர் நல்லவராகவே இருக்கட்டும், நாளை அந்த நாற்காலியில் உட்காரப்போகிறவரையும் சேர்த்து நம்பச் சொன்னால் எப்படி?

இவ்வளவும் பேசி முடித்து நான் ஜெயித்துவிட்டதாக நினைக்கும் நேரத்தில்தான் பெரியம்மா நினைவுக்கு வருவார்.

பெரியம்மா பிறந்தது 1961இல், உலு லங்காட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தின் லயத்தில். தோட்டத்தில் எல்லாவற்றுக்கும் பதிவு உண்டு. விடிவதற்கு முன் பெரட்டில் பேர் கூப்பிடுவார்கள், கிராணி செக்ரோலில் குறித்துக்கொள்வார். எத்தனை மரம், எத்தனை கிலோ பால், எத்தனை நாள் லீவு, எல்லாம் இருந்தது. பிறந்த பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் எடுக்க டவுனுக்குப் போனால் மட்டும் ஒரு நாள் கூலி போகும். தாத்தா போகவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு, 1962 அக்டோபருக்கு முன் இந்த மண்ணில் பிறந்த ஏறக்குறைய எல்லாரும் அரசமைப்புச் சட்டப்படி பிறப்பாலேயே குடிமக்கள். அப்படிப் பார்த்தால் பெரியம்மா குடிமகள்தான். ஆனால் பிறந்ததற்கு அத்தாட்சி இல்லை. கையில் இருப்பது சிவப்பு ஐசி, நிரந்தரவாசியின் அட்டை. 2018இல் 60 வயதைக் கடந்த, சிவப்பு அட்டை வைத்திருக்கும் சுமார் 3,400 இந்தியர்களுக்குக் குடியுரிமை என்று புதிய அரசு அறிவித்தபோது அவருக்கு 57. போன ஆண்டு 18 வயதான எல்லா மலேசியர்களுக்கும் மைகார்டில் 100 ரிங்கிட் போட்டபோது, அண்டை வீட்டார் அரிசியும் எண்ணெயும் வாங்கி வந்ததை வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரிடம் போய் நான் தரவு, கண்காணிப்பு, நம்பிக்கையின்மை என்று பேசினால்?

ஒருமுறை பேசியும் பார்த்தேன். கேட்டுவிட்டுச் சொன்னார், "யாரு வேணும்னாலும் பாத்துக்கட்டும்யா. மொதல்ல எம்பேரு அதுல இருக்கட்டும்."

கண்காணிப்பைப் பற்றி நான் படித்த புத்தகங்கள் பெரும்பாலும் வெளிநாட்டு எழுத்து. அவற்றில் வரும் மனிதர் ஏற்கெனவே பதியப்பட்டவர். அவருக்கு வேண்டியது, தன்னைச் சும்மா விட்டுவிட வேண்டும் என்பது. எங்கள் ஆட்களைச் சும்மா விட்டதுதான் பிரச்சினையே. 2011இல் மைடாஃப்தார் என்று இயக்கம் வைத்து ஆவணமில்லா இந்தியர்களைத் தேடிப் பதிய வேண்டியிருந்தது. எத்தனை பேர் என்பதில் அரசாங்கம் ஒரு கணக்கும் கட்சிகளும் இயக்கங்களும் வேறு கணக்கும் சொன்னார்கள். தலைமுறை தலைமுறையாகப் பேரைப் பதியச் சொல்லி வரிசையில் நின்ற ஒரு சமூகத்தின் பிள்ளை, பதிவேட்டை நம்பாதே என்று எழுதுவதற்கு என்ன தகுதி? இந்தக் கேள்வியைத் தள்ளிவிட்டு இந்தக் கட்டுரையை எழுத முடியாது என்றுதான் தோன்றியது.

அட்டையின் பிறப்பையே பாருங்கள். இந்த நாட்டில் அடையாள அட்டை வந்தது 1948இல், அவசரகாலத்தில். 12 வயதைத் தாண்டிய எல்லாருக்கும் படத்தோடும் கட்டைவிரல் ரேகையோடும். சேவை செய்ய வந்த அட்டை இல்லை அது, கம்யூனிஸ்டுப் போராளியைச் சாதாரண ஆளிலிருந்து பிரிக்க பிரிட்டிஷார் கொண்டுவந்தது. அதனாலேயே காட்டிலிருந்து வந்தவர்கள் தோட்டத்து ஆட்களின் அட்டைகளைப் பிடுங்கி அழித்தார்கள். அட்டை இருந்தால் காட்டுக்காரனுக்குப் பயம், இல்லாவிட்டால் பட்டாளத்துக்குப் பயம். காஜாங் வட்டாரம் அப்போது சும்மா இருந்த இடமில்லை. அன்றைக்குப் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவரிடம் நீ அரசாங்கத்தை நம்புகிறாயா என்று கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

பெரியம்மாவின் பக்கமும் என் பக்கமும் எதிரெதிர் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். அவருடைய கோப்பைப் புரட்டிய ஒரு நாளில் வேறு மாதிரித் தெரிந்தது. தடித்த பிளாஸ்டிக் உறை. உள்ளே ஞானஸ்நானச் சான்றிதழ் மாதிரி ஏதாவது இருக்குமா என்று ஒரு முகப்பில் கேட்டிருக்கிறார்கள், நாங்கள் இந்துக்கள். பள்ளிப் பதிவு, தோட்டத்து மருத்துவ அட்டை, பிறந்ததைப் பார்த்த இரண்டு பேரின் சத்தியப் பிரமாணம். அந்த இரண்டு பேரும் இப்போது உயிரோடு இல்லை. நாற்பது ஆண்டுகளாக அவர் சொல்லும் ஒரே வாக்கியம், நான் இங்கேதான் பிறந்தேன். அது உண்மை. அந்த வார்த்தையை மட்டும் வைத்து எந்த முகப்பும் அவரை நம்பியதில்லை. நம்பக்கூடாது என்றுதான் நானும் சொல்வேன். வார்த்தையை நம்பிக் குடியுரிமை கொடுத்தால் இடைத்தரகர்களுக்குத்தான் கொண்டாட்டம். காகிதம் கேட்பது அரசின் கடமை.

அதே அரசு, தரவு பத்திரமாக இருக்கிறது என்று சொல்லும்போது என்ன காட்டுகிறது? ஒரு பத்திரிகை அறிக்கை. பெயர் நீக்கப்பட்டுவிட்டது, நம்புங்கள். யாரும் தவறாகப் பார்க்கவில்லை, நம்புங்கள். நாம் வாயால் சொன்னதை ஒருநாளும் அத்தாட்சியாக ஏற்காத ஒரு நிர்வாகம், அது வாயால் சொன்னதை நாம் அத்தாட்சியாக ஏற்காவிட்டால் ஏன் முகம் சுளிக்க வேண்டும்? கம்பெனிகளுக்கும் இதேதான். கடன் கேட்டுப் போனால் மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வங்கி அறிக்கை, செல்ஃபி எல்லாம் கேட்கிறவர்கள், நாம் திருப்பிக் கேட்டால் நாற்பது பக்க விதிமுறையைக் கையில் திணிக்கிறார்கள். அவர்கள் நம்மிடம் காட்டும் அதே சந்தேகத்தை அவர்களிடம் திருப்பிக் காட்டுவதைத்தான் நான் நம்பிக்கையின்மை என்கிறேன். பதியவே மாட்டேன் என்று காட்டுக்குள் போவதில்லை அது. போக இப்போது காடும் அவ்வளவாக இல்லை, செமினி வரை வீடு கட்டிவிட்டார்கள்.

எதை அத்தாட்சியாகக் கேட்பது என்பதும் பெரிய ரகசியமில்லை. எஸ்தோனியாவில் பல அரசுத் தரவகங்களில் தன் விவரத்தை எந்த அலுவலகம் எப்போது திறந்து பார்த்தது என்பதைக் குடிமக்கள் தாங்களே இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். தொழில்நுட்பமாக அதில் அதிசயம் எதுவும் கிடையாது. முதலில் சொன்னேனே, யாரும் படிக்காத அந்தப் பதிவேட்டு வரி, அதைச் சம்பந்தப்பட்ட ஆளுக்குக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான். 3வது பிரிவை எடுத்துவிட்டு இதையும் சேர்த்தால், பெட்ரோல் நிலையத்தில் கார்டைச் செருகுவது பற்றி இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்காது.

இதைப் பெரியம்மாவுக்கு விளக்கிச் சொன்னேன். இந்தமுறை கவனமாகக் கேட்டார்.

"அப்போ எம்ஃபைல யாரு தொறந்து பாத்தாங்கன்னு எனக்குத் தெரியுமா?"

"தெரியும் பெரியம்மா. தேதியோட."

"யாருமே தொறக்கலன்னா?"

"அதுவும் தெரியும்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அத மொதல்ல கேளு" என்றார்.