சினமும் சிறு வாதுமையும்

சினம் உயிரின் குற்றமா, உடலின் குற்றமா? 40 ஆண்டுகட்கு முன் ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் ஆசிரியையாகப் பணியாற்றியபோது, ஓரிடத்தில் அமர மாட்டாத ஒரு சிறுவனைச் சினம் மேலிட்டு அடித்துவிட்டேன். அவன் மூளைக்காய்ச்சலில் பிழைத்த பிள்ளை என்பதை மறுநாள் அவன் தாயார் சொல்லவே அறிந்தேன். அன்று என்னுள் எழுந்த வினா இது.

இருபுறக் காதுகளுக்கும் உட்புறமாக, மூளையின் பக்க மடல்களின் ஆழத்தில், வாதுமைப் பருப்பைப் போன்ற ஒரு சிறு பகுதி உண்டு. 'அமிக்டலா' என்பது அதன் பெயர். கிரேக்க மொழியில் அச்சொல்லுக்கு வாதுமை என்றே பொருள். கண்ணும் செவியும் தரும் செய்தியில் ஆபத்து உளதோ எனக் கண நேரத்தில் கணித்து, அச்சத்தையும் சினத்தையும் மூட்டுவதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப்பகுதியோ சற்றே தாமதித்து, ஆராய்ந்து, அதனை அடக்குகிறது.

1960-களில் சென்னையில் டாக்டர் பி. இராமமூர்த்தி, டாக்டர் வி. பாலசுப்பிரமணியம், டாக்டர் டி. எஸ். கனகா ஆகியோர், மருந்துக்கு அடங்காத மூர்க்கம் கொண்ட நோயாளிகளுக்கு, சிறுவர் உட்பட, அறுவை முறையில் இப்பகுதியைச் செயலிழக்கச் செய்தனர். காலப்போக்கில் 400-க்கும் மேற்பட்டோர் இச்சிகிச்சை பெற்றனர். பலர் அமைதியடைந்ததாக அம்மருத்துவர்கள் எழுதினர். ஒருவரின் இயல்பையே கத்தியால் மாற்றுதல் தகுமோ என்ற கேள்வியும் உலகில் எழுந்தது. இன்று அச்சிகிச்சை மிக அரிது.

அவ்வாறு பெற்ற அமைதி பொறுமையாகுமா? ஆகாது; அது நோய் தணிந்த நிலையே. சினக்க வல்லவன் சினவாதிருத்தலே உத்தம க்ஷமை. நம் ஆசாரியர்கள் குரோதத்தைக் கல், மண், மணல், நீர் ஆகியவற்றில் கீறிய கோடுகளுக்கு ஒப்பிட்டனர். கோடு எழுவது வினையின் உதயத்தாலும் உடலின் இயல்பாலும் ஆகலாம். அதைக் கல்லில் பதிப்பதோ நீரில் கரைப்பதோ நம் பொறுப்பு. கமடன் பிறவிதோறும் அதைக் கல்லில் காத்தான். அவன் பகைத்த பார்சுவநாதரோ, கழுகுமலைப் பாறையில் தரணேந்திரன் காத்து நிற்க, இன்றும் சாந்தமே உருவாய் நிற்கிறார்.

அச்சிறுவனின் அமைதியின்மை நோய். என் சினமோ குற்றம். ஆராய்ந்து அடங்கும் ஆற்றல் எனக்கு இருந்தது. ஒருமுறை பஞ்ச நமஸ்காரம் சொல்லும் நேரம் பொறுத்திருந்தால் என் கை ஓங்கியிராது. மன்னிப்புக் கேட்க நாணிக் காலம் தாழ்த்தினேன். அதற்குள் அக்குடும்பம் ஊர் மாறிப் போயிற்று. க்ஷமை கேட்பதை ஒருநாளும் ஒத்திப்போடாதிருப்போமாக.