தலையீத்து

தாயன்பு எவரும் கற்றுக்கொடுத்து வருவதன்று என்று நான் பலமுறை மறையுரைகளில் கூறியிருக்கிறேன். செப்டம்பர் 8-ஆம் நாள் அன்னை மரியாவின் பிறப்பு விழாவன்றும், மே மாதத்து வணக்க நாள்களிலும் அக்கருத்து எளிதாக நாவில் வந்து அமர்ந்துவிடும். 'ஆட்டுக்கும் மாட்டுக்கும் இதை யார் சொல்லிக்கொடுத்தார்கள்?' என்ற வினாவையும் சேர்த்துக்கொள்வேன். கேட்போர் தலையசைப்பர். ஆடு வளர்க்கும் குடும்பத்தினரும் அப்போது தலையசைத்தார்களா என்பதை நான் கவனித்ததில்லை.

இப்போது நான் பணியாற்றுவது கரிசல் மண்ணில் அமைந்த ஒரு சிறிய பங்கு. பங்கு இல்லத்துச் சுற்றுச்சுவரை அடுத்து, கணவரை இழந்த மூதாட்டி ஒருவர் ஏழெட்டுக் கன்னி ஆடுகளை வளர்க்கிறார். கறுத்த உடலும், முகத்தின் இரு பக்கமும் மேலிருந்து கீழாக ஓடும் கோடுமாகத் தென்மாவட்டங்களுக்கே உரிய இனம் அது. கோடு வெள்ளையாயின் பால்கன்னி, செம்பழுப்பாயின் செங்கன்னி. இரட்டைக் குட்டி ஈனுவது இவ்வினத்தில் வழக்கம். அவற்றுள் ஒரு பால்கன்னி தலையீத்து. அதாவது முதன்முறையாகச் சினைப்பட்டது. கிடா சேர்ந்த நாளிலிருந்து ஐந்து மாதக் கணக்கை அம்மூதாட்டி நாள்காட்டியின்றியே மனத்தில் வைத்திருந்தார். "இன்னைக்கு ராத்திரி தாண்டாது சாமி" என்று மாலையிலேயே சொன்னார். வாலடியின் இருபுறமும் குழைந்து பள்ளம் விழுந்திருந்தது. மடி இறுகிப் பளபளத்தது. ஆடு தரையைக் காலால் பறிப்பதும், படுப்பதும், உடனே எழுவதுமாக நிலைகொள்ளாமல் இருந்தது.

இரவு பதினொரு மணிக்குமேல் சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. உடனிருக்கும் பேரன் அன்று வெளியூர் போயிருந்தான். விளக்குப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். அவர் என்னிடம் கேட்டது அவ்வளவுதான்.

முதற்குட்டி பெட்டை. பன்னீர்க்குடம் உடைந்த சிறிது நேரத்தில், முன்னங்கால்கள் இரண்டும் அவற்றின்மேல் மூக்குமாக வந்து விழுந்தது. தாய் திரும்பிப் பார்த்து மிரண்டது. தன்னிடமிருந்து விழுந்த பொருள் அசைகிறதே என்னும் திகைப்பு அதன் கண்ணில் வெளிப்படையாகத் தெரிந்தது. இரண்டடி பின்வாங்கி, மீண்டும் வந்து, ஈரத்தை முகர்ந்தது. பிறகு, வாயைத் திறவாமல் தொண்டைக்குள்ளேயே முனகிக்கொண்டு நக்கத் தொடங்கியது. குட்டி போட்ட ஆடுதான் இந்தக் குரல் கொடுக்கும் என்றார் மூதாட்டி.

இரண்டாவது குட்டி வரவில்லை. அரைமணி நேரத்துக்கு மேலாக ஆடு முக்கியும் ஒரே ஒரு குளம்பும் மூக்கின் நுனியும் மட்டுமே தெரிந்தன. அம்மூதாட்டி சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவி, எண்ணெய் பூசிக்கொண்டு, ஆடு முக்காத இடைவெளி பார்த்துக் குட்டியை மெல்ல உள்ளே தள்ளினார். மடங்கிப் பின்னால் கிடந்த மற்றொரு காலை, குளம்பு உள்ளே கிழித்துவிடாதபடி அதைத் தம் உள்ளங்கையால் மூடியவாறே முன்னே கொண்டுவந்தார். ஆடு முக்கும்போது மட்டும் கீழ்நோக்கி இழுத்தார். அது ஓய்ந்தபோது தாமும் ஓய்ந்தார். "அது தள்ளுறப்பதான் நாம இழுக்கணும். நம்ம இஷ்டத்துக்கு இழுத்தா ரெண்டும் போயிரும்" என்றார். குருத்துவக் கல்லூரியில் மேய்ப்புப்பணி இயலை இரண்டு பருவங்கள் படித்தவன் நான். இவ்வளவு தெளிவான ஒரு வாக்கியத்தை அங்கு குறிப்பெடுத்ததாக நினைவில்லை.

குட்டி கிடா. அசைவின்றிக் கிடந்தது. மூக்கிலிருந்த கோழையை அவர் விரலால் வழித்து, விலாவை வைக்கோலால் தேய்த்ததும் ஒருமுறை தும்மியது. வயிற்றில் இன்னும் குட்டி இருக்கிறதா என்று பார்க்க அவர் ஆட்டின் பக்கம் திரும்பியபோது, நடுங்கிக்கொண்டிருந்த அக்குட்டியை நானாகவே எடுத்துக்கொண்டேன். மார்கழிக் குளிர். பங்கு இல்லத்துச் சமையலறைக்குக் கொண்டுபோய், என் துண்டால் ஒரு பொட்டு ஈரமில்லாமல் துவட்டி, அடுப்பருகே முக்கால் மணி நேரம் வைத்திருந்தேன். அது தலைதூக்கிக் கத்தியபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டேன் என்றே எண்ணினேன்.

திரும்பக் கொண்டுவந்து தாயின் முன் விட்டேன். முகர்ந்து பார்த்தது. தலையைத் தாழ்த்தி, முட்டித் தள்ளியது.

"தொடச்சே தீத்துட்டீங்களே சாமி. அது நக்க வேண்டியத நீங்க தொடச்சா, அதுக்கு எப்படித் தெரியும் தன் குட்டின்னு?"

அவர் கூறியது வெறும் நாட்டு வழக்கன்று. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் கிளாப்ஃபரும் அவருடைய துணைவர்களும் வெள்ளாடுகளிடம் நடத்திய ஆய்வை 1964-இல் வெளியிட்டார்கள். ஈன்றவுடன் ஐந்தே நிமிடம் குட்டியோடு இருந்த தாய், அதன்பின் மணிக்கணக்கில் பிரித்து வைத்தாலும், மீண்டும் அதை ஏற்றுக்கொண்டது. அந்த ஐந்து நிமிடம் வாய்க்காத தாயோ தன் வயிற்றில் பிறந்ததையே அயலாகக் கருதி விரட்டியது. அந்த ஐந்து நிமிடத்தைத்தான் நான் என் துண்டில் துடைத்துக்கொண்டு போயிருந்தேன்.

விலங்கின் இயல்பூக்கத்தைப் பற்றி நாங்கள் பயின்றது புனித தாமஸ் அக்குவினாஸ் வழியாக. ஆடு ஓநாயைக் கண்டு ஓடுவது அதன் நிறத்தையோ உருவத்தையோ வெறுத்தன்று. தன் இயல்புக்குப் பகை என்பதை எவரும் கற்பிக்காமலே அது உணர்கிறது என்பார் அவர். இவ்வெடுத்துக்காட்டு அவருக்கு முன்பே இபின் சீனாவிடம் உண்டு. பகையை அறிவது இயல்பாயின் தன் குட்டியை அறிவதும் அவ்வாறே இருக்கும் என்று நான் மேலும் ஒரு படி தாவிக்கொண்டேன். தாவியது நான், அக்குவினாஸ் அல்லர். இயற்கை தருவது முழுமையாக முடிக்கப்பட்ட அன்பு அன்று என்பதை அக்கொட்டிலில்தான் கண்டேன். ஒரு கதவு சிறிது நேரம் திறந்திருக்கிறது. அந்நேரத்தில் உரிய மணமும், உரிய ஈரமும், உரிய அமைதியும் வாய்க்க வேண்டும்.

முதற்குட்டிக்கும் பால் உடனே கிடைக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். தாய் அதை நக்கும். மடியை நோக்கி வந்தால் உதைக்கும். எனக்கு எரிச்சலாக இருந்தது. மூதாட்டி மடியைத் தொட்டுப் பார்த்தார். "வெறுப்பு இல்ல சாமி, வலி. தலையீத்துல்ல? பால் கட்டிக் கல்லா இருக்கு. தொட்டாலே உயிர் போகும்." வெந்நீரில் நனைத்த துணியால் ஒற்றியெடுத்து, காம்பின் துளையை அடைத்திருந்த பசையை நீக்கி, முதல் நான்கைந்து பீர்ச்சைத் தரையில் விட்டு, மடி சிறிது தளர்ந்தபின் பெட்டைக்குட்டியைக் கொண்டுபோய் வைத்தார். ஆடு ஒரு காலைத் தூக்கிற்று, பிறகு தாழ்த்திற்று. அதன்பின் அந்தக் குட்டிக்குத் தடையில்லை.

கிடாவுக்குத்தான் வழியில்லை. சீம்பாலைத் தள்ளிப்போடவும் இயலாது. மனிதக் குழந்தை தாயின் வயிற்றிலேயே ஓரளவு நோய் எதிர்ப்பாற்றலைப் பெற்றுவிடுகிறது. ஆட்டுக்குட்டி அதில்லாமலே பிறக்கிறது. அதற்கு வேண்டியதெல்லாம் சீம்பாலில் இருக்கிறது. அதைக் குடல் உறிஞ்சும் திறனோ மணிக்கு மணி குறைந்து, ஏறத்தாழ ஒரு நாளில் அற்றுப்போகிறது. மூதாட்டிக்கு இவ்விளக்கம் தெரியாது. விடிவதற்குள் குடிக்காத குட்டி தேறாது என்பது தெரியும். அதன் வாய்க்குள் விரலை விட்டுச் சூடு இருக்கிறதா, விரலைச் சப்புகிறதா என்று பார்த்தார். வாய் குளிர்ந்த குட்டிக்குப் பால் ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடுமாம். சப்பியது. சீம்பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் சிறிது சிறிதாகப் புகட்டினார். விழுந்திருந்த இளங்கொடியின் ஈரத்தைக் குட்டியின் முதுகில் தடவி, உப்பையும் தூவித் தாயிடம் விட்டார். உப்பை நக்கியது, தீர்ந்ததும் மறுபடி முட்டியது.

மறுநாள் முதல் வேறு வழி. தாயைத் தூணில் குறுகக் கட்டி, ஒரு பின்னங்காலைப் பிடித்துக்கொண்டு, கிடாவை மடியில் விடுவது. பகலில் மூன்று மணிக்கு ஒருமுறை, இரவில் இருமுறை. கால் பிடிக்கும் வேலை பெரும்பாலும் என்னுடையதாயிற்று. காலைத் திருப்பலி முடிந்து அங்கியைக் களைந்ததும் கொட்டிலுக்குப் போவேன். இரண்டாம் நாள் எனக்குள் ஓர் உறுத்தல் தோன்றிற்று. வற்புறுத்தலால் விளைவது உண்மையான மனிதச் செயலாகாது என்பது அறநெறி இறையியலின் பால பாடம். ஆட்டுக்கு அப்பாடம் பொருந்தாதுதான், ஆயினும் கேட்டேன்: "இப்படிக் கட்டி வைத்துக் கொடுக்க வைத்தால் அது பாசமாகுமா பாட்டி?"

"பாசம் வருதோ வரலையோ, குட்டிக்குப் பசிக்கும்ல சாமி."

அன்பு என்பது பிறருக்கு நன்மையை விழைவது என்று அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி அக்குவினாஸ் வரையறுக்கிறார். உணர்ச்சியாக எழும் அன்பையும், மனத்தின் தேர்வாக எழும் அன்பையும் அவர் வேறுபடுத்தியும் காட்டுகிறார். தேர்வு எழுதிய காலத்தில் இதைப் பிழையின்றி எழுதியிருக்கிறேன். ஆனால் உணர்ச்சி வராத இடத்தில் என்ன செய்வது, யார் செய்வது என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணியிருந்தால் ஒரு பெண்ணுக்கு நான் சொன்ன சொல்லைச் சொல்லியிருக்க மாட்டேன்.

இருபது ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில் நடந்தது. ஒப்புரவு அருளடையாளத்தில் கேட்டதன்று. அதுவாயின் ஒரு சொல்லும் இங்கு இடம்பெறாது. பங்கு இல்லத்துத் தாழ்வாரத்தில் நின்றுகொண்டு அவர் சொன்னார். தலைப்பிரசவம், குறைமாதக் குழந்தை, மூன்று வாரம் மருத்துவமனையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்திருந்தது. "பிள்ளையைத் தூக்கினா யாரோ ஒருத்தர் பிள்ளையைத் தூக்குற மாதிரி இருக்கு ஃபாதர். அழுதா எரிச்சல் வருது. நான் கெட்டவளா?" நான் கடிந்துகொள்ளவில்லை, கனிவாகத்தான் பேசினேன். தாயன்பு இயற்கை, செபமாலை சொல்லும்மா, தானாக வரும் என்றேன். அத்தோடு நின்றிருக்கலாம். ஆட்டுக்கும் மாட்டுக்கும் இதை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று புன்னகையோடு கேட்டும் வைத்தேன்.

விலங்கினும் கீழானவள் என்று ஒரு குரு தன்னிடம் சொன்னதாக அவர் அதை எடுத்துக்கொண்டு போனார். வேறெப்படி எடுத்துக்கொள்ள முடியும்? அதன்பின் அவர் என்னிடம் வரவில்லை. சில வாரங்களில் நேர்ந்ததை இங்கு எழுதுவதற்கில்லை. அவரும் குழந்தையும் உயிர் பிழைத்தார்கள் என்று மட்டும் கூறி அமைகிறேன். பிள்ளைப்பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வு ஒரு நோய் என்பதையும், அதற்கு மருத்துவம் உண்டு என்பதையும் பின்னால் ஒரு மருத்துவர் எனக்கு விளக்கினார். அவர் தூங்கினாரா, சாப்பிட்டாரா, தையல் வலித்ததா, இரவில் குழந்தையை வாங்கிக்கொள்ள வீட்டில் ஆள் உண்டா என்று எதையும் நான் கேட்கவில்லை. அன்பு இருக்கிறதா இல்லையா என்பது மட்டுமே எனக்கு வினாவாக இருந்தது. ஒரு தாய் தன் பிள்ளையை மறக்கக்கூடும் என்பதை இறைவாக்கினர் எசாயா 49-ஆம் அதிகாரத்தில் ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறார். அப்பகுதியை எத்தனையோ முறை வாசித்திருந்தும், கடவுள் மறக்கமாட்டார் என்னும் பாதியை மட்டுமே நான் மறையுரைக்கு எடுத்துக்கொண்டிருந்தேன்.

பெண்ணை ஆட்டோடு ஒப்பிடுகிறேன் என்று வாசகர் எவரும் கருதிவிட வேண்டாம். அந்தத் தவற்றை ஒருமுறை செய்தது போதும். ஐந்து நிமிடக் கணக்கு மனிதருக்குப் பொருந்தாது. பெறாத பிள்ளையைப் பத்து வயதில் தத்தெடுத்து உயிராய் வளர்த்த தாய்மாரை நம் பங்குகளிலேயே காண்கிறோம். கட்டி வைத்தும் காலைப் பிடித்தும் எந்தத் தாயையும் அன்பு செய்ய வைக்க இயலாது; கூடவும் கூடாது. நான் கொட்டிலில் கண்டது வேறு. தாயிடம் அன்பு இல்லை என்று நான் எரிச்சலுற்ற வேளையில், அம்மூதாட்டி அதன் மடியைத் தொட்டுப் பார்த்தார். குட்டியின் பசியைத் தாயின் பாசத்துக்காகக் காத்திருக்க விடவும் இல்லை, பாலாடையை எடுத்துக்கொண்டார். தாய்க்குக் கம்பங்கஞ்சியும் வேப்பங்குழையும் வைத்தார். இத்தனைக்கும் அந்தக் கிடாக்குட்டி கறிக்கு விற்கப்படப் போவது அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அது தனியே எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்று. ஞாயிறு மதியம் கறிச்சோறு உண்ணும் நான் அதைப் பற்றி அவரைக் கேள்வி கேட்கும் நிலையில் இல்லை.

ஐந்தாம் நாள் மாலை கயிற்றை அவிழ்த்துவிட்டார். நான் காலைப் பிடிக்கக் குனிந்தபோது வேண்டாம் என்று கையசைத்தார். கிடா தயங்கித் தயங்கி, தாயின் முகத்துக்கு முன்னால் வராமல் பின்புறமாகச் சுற்றிக்கொண்டு வந்து மடியில் வாய் வைத்தது. நாலே நாளில் அதுவும் கற்றுக்கொண்டிருந்தது. தாய் தலையைத் திருப்பிப் பார்த்தது. முட்டவில்லை. நக்கவும் இல்லை. அசையாமல் நின்று, மறுபக்கம் குடித்துக்கொண்டிருந்த பெட்டையின் முதுகை மட்டும் நக்கியது.

"இதையும் தன் குட்டி என்று ஏற்றுக்கொண்டதா பாட்டி?" என்று கேட்டேன்.

"நிக்குதுல்ல சாமி" என்று சொல்லிவிட்டு, கிடா குடித்த காம்பில் பால் மிச்சம் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார்.